பெயர்ப்பலகை இல்லாத ஜெலுத்தோங் பட்டறை: அம்மாவும் நானும் டூன் பகி கட்டும் இடம்

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில், சுங்கை பினாங்கு ஆற்றுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் இந்தப் பட்டறை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. பழைய ஃபோக்ஸ்வேகன் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் "தவுக்கே கடையா?" என்று வழி காட்டுவார்கள் (தவுக்கே என்றால் முதலாளி). பதினான்கு மாதமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நானும் அம்மாவும் அங்கேதான் கிடக்கிறோம், அதனால் இதைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன். நீங்களே கையில் கிரீஸ் படிய வேலை செய்யத் தயார் என்றால் யோசிக்காமல் போங்கள். காரை விட்டுவிட்டு அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்பவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது.

எங்கள் கதை இது. மாமா வைத்திருந்த 1969 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் 1300 கார் பல வருடம் வீட்டுக்குப் பின்னால் வெயிலிலும் மழையிலும் நின்று, கதவுக்குக் கீழே எல்லாம் துருப்பிடித்து, கை வைத்தால் உதிரும் நிலைக்கு வந்துவிட்டது. பழைய இரும்புக்காரனுக்குப் போடலாம் என்று நான் சொன்னபோது அம்மா குனிந்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கூடுதானே போச்சு, அடித்தட்டு நல்லாத்தான் இருக்கு, பகி கட்டலாம்" என்றார். பகி, அதாவது டூன் பகி, மணலில் ஓட்டும் கூரை இல்லாத வண்டி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா 1978இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தவர். அடுத்த வருடம் தொழிற்சாலைப் பெண்கள் எல்லாரும் பஸ் பிடித்து பத்து ஃபெரிங்கிக்குப் பிக்னிக் போனபோது, யாரோ ஒரு வெள்ளைக்காரர் மஞ்சள் நிறத்தில் கூரை இல்லாத வண்டி ஒன்றைக் கடற்கரையோரமாக ஓட்டிப் போனாராம். அதை நாற்பது வருடத்துக்கு மேலாக மனசுக்குள் வைத்திருந்திருக்கிறார், எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

டூன் பகி என்றாலே பெரும்பாலும் பீட்டில்தான். கலிஃபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் 1964இல் கட்டிய மேயர்ஸ் மாங்ஸ்தான் இதற்கெல்லாம் தாய். அவர் படகு கட்டிப் பழகிய ஆள், அதனால் கண்ணாடியிழை அவருக்குக் கைவந்த பொருள். முதல் பன்னிரண்டு வண்டிகளுக்கு அவர் பீட்டிலின் அடித்தட்டைப் பயன்படுத்தவில்லை, செலவு கட்டுப்படியாகாமல்தான் அடித்தட்டை அப்படியே எடுத்து, நடுவில் 36 சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டிக் குறுக்கி, மேலே கண்ணாடியிழை உடலை மாட்டும் முறைக்கு மாறினார். இணையத்தில் பார்க்கும் வீடியோக்களில் எல்லாம் முதல் வேலையே ரம்பம் எடுத்து வெட்டுவதுதான். நானும் கிரைண்டர் வாங்கித் தயாராக இருந்தேன்.

தவுக்கே அங்கிள்தான் தடுத்தார். முதல் நாளே, காரைத் தொடுவதற்கு முன்னாலேயே, "கிரான் எங்கே?" என்றார், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரம். பிறகு மேசை டிராயரிலிருந்து கிழிந்துபோன ஒரு பிரதியை எடுத்துப் போட்டார். வண்டிகளின் கட்டுமானம், பயன்பாடு பற்றிய 1959 ஆம் ஆண்டு விதிகள். ஓரமெல்லாம் சீன எழுத்தில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். கட்டமைப்பை மாற்றுவதென்றால் ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி வேண்டும், வெட்டிய பிறகு போய் நின்றால் பேச்சுக்கே இடமில்லை, முதலில் வரைபடம், பிறகு கடிதம், கடைசியில்தான் ரம்பம் என்றார். அடித்தட்டை வெட்டாமல் முழு நீளத்திலேயே உட்காரும் பகி உடல்களும் உண்டு என்று காட்டியதும் அவர்தான். அடித்தட்டை வெட்டுவது அவருக்கு நல்ல கூலி வரும் வேலை. வேண்டாம் என்று வாயால் சொல்லும் பட்டறையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

உடலுக்கு நாங்கள் முதலில் போன ஆள் முன்பணம் 600 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு, உள்ளே காற்றுக் குமிழியும் வெளியே அலையலையாகவும் ஒரு கூட்டைக் கொடுத்தார். விரலால் தட்டினால் பொத் பொத் என்று சத்தம் வரும். நம் ஊர் வெயிலில் ஹார்டனரைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிவிட்டால் பிசின் கண்ணாடியிழைப் பாய் முழுக்க ஊறுவதற்குள் இறுகிவிடும், அதுதான் நடந்திருக்கிறது. அப்புறம் தவுக்கே அங்கிள் தெலுக் கும்பாரில் மீனவர்களுக்கு ஃபைபர் படகு செய்யும் ஒருவரிடம் அனுப்பினார். அவர் அதிகாலை ஐந்தரை மணிக்குத்தான் பிசின் கலப்பார். அவர் செய்த கூட்டில் எங்கே தட்டினாலும் ஒரே சத்தம்.

எஞ்சின் வேலை முழுக்க பட்டறையில். நான்கு போல்ட்தான், கழற்றினால் ஜாக்கியோடு பின்னால் இறங்கி வந்துவிடும். 1285 சிசி, ரோட்டெக்ஸ் (சாலை வரி) வருடத்துக்கு 70 வெள்ளிக்குள் முடிந்துவிடும் என்பது அம்மாவுக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ரேடியேட்டர் கிடையாது, காற்றும் எண்ணெயும்தான் இதைக் குளிரவைக்க வேண்டும், எண்ணெயும் இரண்டரை லிட்டர்தான், ஃபில்டர் கிடையாது, ஒரு வலைதான். பகி கட்டுகிறவர்கள் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று சிலிண்டரைச் சுற்றியுள்ள தகரங்களைக் கழற்றிப் போட்டுவிடுவார்களாம். தகரம் போனால் விசிறி அடிக்கும் காற்று சிலிண்டரின் அடிப்பக்கம் வரை போகாது, எஞ்சின் வெந்துவிடும். அங்கிள் எங்களுடைய ஒவ்வொரு தகரத்தையும் நிமிர்த்தி, பெயின்ட் அடித்து, ஸ்க்ரூ எண்ணி மாட்டவைத்தார். வால்வ் இடைவெளி 0.15 மில்லிமீட்டர், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும். நான் வைத்ததை மூன்று தடவை கலைத்துவிட்டு "பெலான் பெலான்" (மெதுவா, மெதுவா) என்றார். நான்காவது தடவை இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை உள்ளே விட்டு இழுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த சிலிண்டருக்குப் போனார்.

இப்போது ஒயரிங். இந்தப் பட்டறையை நான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவதற்குக் காரணமே இதுதான். பீட்டிலின் கூடு இரும்பு, பேட்டரியின் நெகட்டிவ் கூட்டோடு சேர்ந்திருக்கும், அதனால் ஒரு விளக்குக்கு ஒரு ஒயர் போனால் போதும், திரும்பி வரும் வழி கூடே. கண்ணாடியிழையில் மின்சாரம் ஓடாது. வெளியே ஒரு கடையில் ஒயரிங் செய்யக் கொடுத்தபோது அவர்கள் இதைக் கவனிக்கவே இல்லை, இடது சிக்னல் போட்டால் பிரேக் விளக்கு மினுக்கியது, ஒயர்களை முறுக்கி டேப் சுற்றி வைத்திருந்தார்கள், ஒரு வாரத்தில் டாஷ்போர்டுக்குப் பின்னால் கருகல் வாசனை வந்துவிட்டது. வண்டியை இழுத்துக்கொண்டு இங்கே வந்தோம். அங்கிள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மா பின்னாலிருந்து, "எல்லாத்தையும் பிடுங்கணும் தவுக்கே, ஒவ்வொரு விளக்குக்கும் தனியா எர்த் இழுக்கணும்" என்றார். அங்கிள் திரும்பி அம்மாவைப் பார்த்தார். எங்கே வேலை செய்தீர்கள் என்று கேட்டார். முப்பத்தொரு வருடம், மைக்ராஸ்கோப்புக்குக் கீழே சால்டரிங், கடைசி ஒன்பது வருடம் செக்கிங் என்று அம்மா சொன்னதும், ஜன்னலோர மேசையில் இருந்த கார்புரேட்டர்களை எல்லாம் எடுத்துக் கீழே வைத்துவிட்டு, துணி போட்டுத் துடைத்து, "அக்கா, இது உங்க மேசை" என்றார். கண்ணுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும் என்று அடுத்த வாரமே ஒரு வளையும் விளக்கும் வாங்கிப் போட்டிருந்தார், காசு கேட்கவில்லை.

அம்மா சால்டரிங்தான் செய்வார் என்று நான் நினைத்தேன். அவர் ஈயத்தைத் தொடவே இல்லை. "அதிரும் இடத்தில் ஈயம் கூடாதுடா, ஈயம் ஒயருக்குள்ளே ஏறிக் கெட்டியாயிரும், கெட்டி முடியுற இடத்தில் ஆடி ஆடி அறுந்துபோகும்" என்று சொல்லிவிட்டு கிரிம்ப் பிளையரை எடுத்தார். ஒவ்வொரு முனையையும் அழுத்துவார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார், ஒரு இழுப்பு இழுப்பார். வராமல் இருந்தால் கைப்பையிலிருந்து சிவப்பு நகச்சாயத்தை எடுத்து ஒரு பொட்டு வைப்பார். தொழிற்சாலையில் சரிபார்த்த திருகுக்கு அப்படித்தான் அடையாளம் வைப்பார்களாம். வண்டி முழுக்க இருநூற்றுக்கும் மேல் சிவப்புப் பொட்டு. இப்போது அங்கிளின் பட்டறையில் எஞ்சின் போல்ட் முறுக்கி முடித்தாலும் சிவப்புப் பொட்டு வைக்கிறார்கள்.

குறை இல்லையா என்றால் நிறைய இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். போன் எடுக்க மாட்டார். பில் கிடையாது, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார், நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் ஹெட்டை லேத்துக்கு அனுப்பி ஒன்பது வாரம் காத்திருந்தோம், இரண்டு வாரம் என்றுதான் சொல்லியிருந்தார். பெரிய மழையோடு கடல் மட்டமும் ஏறினால் வாசலில் தண்ணீர் நிற்கும், காரைத் தூரத்தில் நிறுத்த வேண்டும். கொசு அதிகம். எஞ்சினைப் பிரித்துச் சேர்க்க சாமானோடு 5,200 வெள்ளி ஆனது, இடத்துக்கு ஒரு ஞாயிறுக்கு 50 வெள்ளி, கருவிகளுக்குத் தனியாக வாங்குவதில்லை. கழிவறை நன்றாக இல்லை, அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள், பக்கத்துக் கோப்பிக் கடையில் விடுவார்கள்.

வண்டியின் நிலைமை: சக்கரத்துக்கு மேல் மட்கார்டு, ஹாரன், வைப்பர், இரண்டு பக்கமும் கண்ணாடி, இடுப்பும் தோளும் பிடிக்கும் சீட் பெல்ட், சிக்னல், எல்லாம் மாட்டியாகிவிட்டது. ஜேபிஜே பதில் இன்னும் வரவில்லை, அதுவரை ரோட்டில் இறக்க மாட்டோம், பாலிக் பூலாவ் பக்கம் சித்தப்பாவின் டுரியான் தோட்டத்துக்கு லாரியில் ஏற்றிப் போய் அங்கேதான் ஓட்டிப் பார்க்கிறோம். போன ஞாயிறு அம்மா கடைசியாக நம்பர் பிளேட் விளக்கை மாட்டினார். பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கி இருட்டாக்கிவிட்டு சுவிட்சைப் போட்டோம். பிளேட் இல்லாத இடத்தில் வெள்ளை வெளிச்சம் விழுந்தது. அம்மா குனிந்து எர்த் ஒயரை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.