கிருஷ்ணகிரி பக்கம் பைக்குக்கு ரெகுலேட்டர் மாற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு

கிருஷ்ணகிரி டவுனில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் என் பைக்குக்கு ரெகுலேட்டர் (இன்ஜின் ஓடும்போது உருவாகும் கரண்டை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றி, அளவாகக் கொடுக்கும் பாகம்) மாற்றினேன். கம்பெனி பார்ட் என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு லோக்கல் சரக்கைப் போட்டிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய அநியாயம், அதை மாட்டிய இடம். வேறு யாருக்கும் இப்படி நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நான் காவேரிப்பட்டணத்திலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவன். இரவு ஷிப்ட் முடித்துத் திரும்பும்போது, சூளகிரி தாண்டியதும் ஹெட்லைட் மங்கியது. ஹாரன் அடித்தால் முனகல்தான் வந்தது. அப்புறம் வண்டியே நின்றுவிட்டது. லைட் எரியாத பைக்கை அந்த நேரத்தில் நெடுஞ்சாலை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவது எப்படி இருக்கும் என்று அந்த வழியில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். பின்னால் வரும் லாரிக்காரருக்கு நான் இருப்பதே தெரியாது.

மறுநாள் சீட்டைக் கழற்றிப் பார்த்தால் வயிறு எரிந்தது. கம்பெனியில் ரெகுலேட்டரை முன்பக்கம், காற்று நேராக அடிக்கும் இடத்தில், ஃபிரேமோடு சேர்த்து இரண்டு போல்ட்டில் முடுக்கியிருந்தார்கள். இவர்கள் அதைச் சீட்டுக்கு அடியில் கொண்டுவந்து, பிளாஸ்டிக் மட்கார்டில் கேபிள் டை போட்டுக் கட்டியிருந்தார்கள். சூடு வெளியேறுவதற்காக இருக்கும் வரிவரியான அலுமினியப் பக்கம் பிளாஸ்டிக்கைப் பார்த்து ஒட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கம் ஊற்றியிருந்த கறுப்பு ரெசின் உப்பி வெடித்திருந்தது. மூன்று மஞ்சள் ஒயர் சேரும் கனெக்டர் பழுப்பாகக் கருகி, ஒரு பின் உருகிப்போயிருந்தது. கையால் இழுத்தும் கழலவில்லை.

கடையில் போய்க் கேட்டேன். "முன்னாடி வெச்சா மழத்தண்ணி படும்ணா, அதான் உள்ள வெச்சேன்" என்றார். உள்ளே முழுக்க ரெசின் ஊற்றி அடைத்த பொருளுக்கு மழை ஒன்றும் செய்யாது. அப்படிப் பயம் இருந்தால் கம்பெனிக்காரன் ஏன் முன்னால் வைக்கிறான்? பழைய ரெகுலேட்டரைக் கொடுங்கள் என்றால் பழைய இரும்புக்குப் போட்டாச்சு என்றார். "எலக்ட்ரிக்கல் பொருளுக்கு கேரண்டி கிடையாதுணா." அத்தோடு பேச்சு முடிந்தது.

என் மச்சான் சிறிய விமானங்களுக்குப் பராமரிப்பு வேலை செய்கிறவர். அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் விஷயத்தின் கனம் புரிந்தது. பல சிறு விமானங்களில் இருக்கும் ரோட்டாக்ஸ் 912 இன்ஜினிலும் நம் பைக்கைப் போலவே காந்தம் சுற்றித்தான் கரண்ட் வருகிறது. அதன் ரெகுலேட்டர் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதற்காகவே காற்றுப் படும் இடம் பார்த்து, உலோகத் தகட்டில் அழுத்தமாக மாட்டுவார்களாம்.

10 ஆம்பியர் ஓடினாலே ரெகுலேட்டருக்குள் கரண்டை ஒரே திசையில் விடும் டையோடுகளில் சுமார் 20 வாட் வெறும் சூடாகப் போகிறது. ரேடியோ ரிப்பேர்க்காரர் வைத்திருக்கும் சின்ன சோல்டரிங் அயர்னே 25 வாட்தான். அப்படிப்பட்ட ஒன்றைப் பிளாஸ்டிக்கில் கட்டி, மேலே சீட்டைப் போட்டு மூடினால் எங்கே தாங்கும்? லைட்டை அணைத்துவிட்டு ஓட்டினால் ரெகுலேட்டருக்குச் சுமை குறையும் என்றும் நம் ஆட்கள் சொல்வார்கள். பெரும்பாலான பைக்குகளில் இருக்கும் ஷன்ட் வகையில் அது தப்பு. செலவாகாத கரண்டை அது தனக்குள்ளேயே ஷார்ட் செய்து திருப்பி விடுகிறது. அதனால் சூடு கூடத்தான் செய்யும்.

ரெகுலேட்டர் மாற்றினால் பக்கத்திலேயே நின்று பாருங்கள். பழைய இடத்திலேயே, பெயின்ட்டோ துருவோ இல்லாத உலோகத்தில், போல்ட் போட்டு முடுக்கச் சொல்லுங்கள். நடுவில் சூட்டைக் கடத்தும் ஹீட் சிங்க் பேஸ்ட் தடவினால் இன்னும் நல்லது. வேலை முடிந்ததும் வண்டியை ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, பேட்டரி முனையில் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். 13.5-லிருந்து 14.5 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் பேட்டரி கொதித்துப் போகும். என் வண்டியில் 12-ஐத் தாண்டவே இல்லை. பழைய பார்ட்டைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பில்லில் பார்ட் நம்பர் எழுதித் தராத கடையில் வண்டியை விடவே வேண்டாம்.

பேட்டரியும் போய்விட்டது, அந்தச் செலவும் என் தலையில்தான். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்து, பில்லையும் கருகிய ரெகுலேட்டரின் போட்டோவையும் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.