சென்ட்ரல் ஹீட்டர் போடுகிறீர்களா? கொட்டேஷனில் ரிட்டர்ன் லைன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

"மூன்று குளியலறைக்கு மூன்று கீசர் எதற்கு? ஒரே 200 லிட்டர் ஹீட்டர் போதும், கரண்டும் மிச்சம்." இப்படித்தான் பேச்சு தொடங்கும். கொட்டேஷனில் ஹீட்டர், குழாய், கூலி என்று மூன்றே வரி. டைல்ஸ் ஒட்டிக் குடியேறிய பிறகுதான் விஷயம் தெரியவரும்: கடைசிக் குளியலறையில் வெந்நீர் வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. கூப்பிட்டுக் கேட்டால், "ஹீட்டர் நன்றாகத்தானே ஓடுகிறது" என்பார்கள். அது உண்மைதான். கை வைத்தது ஹீட்டரில் இல்லை, குழாயில்.

உள்விட்டம் 20 மி.மீ. உள்ள குழாயில் மீட்டருக்கு 0.31 லிட்டர் தண்ணீர் நிற்கும். 20 மீட்டர் ஓட்டம் என்றால் 6 லிட்டருக்கு மேல். நிமிடத்துக்கு 5 லிட்டர் விழும் குழாயில் அந்த ஆறிய தண்ணீர் வெளியேறவே 75 நொடி ஆகும். குழாயை மூடியதும் அதே அளவு வெந்நீர் சுவருக்குள் நின்று ஆறும். 60 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்கு ஆறினால் ஒவ்வொரு முறையும் கால் யூனிட் போச்சு. மிச்சமாகும் என்று சொன்ன கரண்ட் போகும் வழி இதுதான்.

இதற்குத் தீர்வு ரிட்டர்ன் லைன். கடைசிக் குழாயிலிருந்து ஹீட்டருக்குத் திரும்பி வரும் இன்னொரு குழாய் (15 மி.மீ. போதும்), அதில் வெந்நீரைச் சுற்றவிட்டுக் குழாயைச் சூடாக வைக்கும் ஒரு சிறிய சர்குலேஷன் பம்ப், தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு, பம்ப் ஓடும் நேரத்தை வைக்க டைமர், இரண்டு குழாய்க்கும் முழு நீளத்துக்கு இன்சுலேஷன். வால்வை விட்டுவிட்டால் பச்சைத் தண்ணீர் ரிட்டர்ன் லைன் வழியாகவே பின்பக்கமாக வந்து வெந்நீரில் கலக்கும். டைமரும் இன்சுலேஷனும் இல்லாவிட்டால் இருபத்து நான்கு மணி நேரமும் சுவரைச் சூடாக்கிக்கொண்டிருப்பீர்கள். "அதெல்லாம் பிறகு போட்டுக்கலாம்" என்ற பேச்சை நம்பாதீர்கள். பம்பைப் பிறகு மாட்டலாம். குழாயைப் போட டைல்ஸை உடைக்க வேண்டும். குழாய் போடாமலே சமாளிக்க, பச்சைத் தண்ணீர்க் குழாயையே ரிட்டர்னாக்கும் வால்வு ஒன்று விற்கிறார்கள். மாட்டினால் குளிர்ந்த தண்ணீர்க் குழாயிலும் முதலில் வெதுவெதுப்பாகத்தான் வரும்.

அடுத்தது பணத்தோடு நிற்காத மோசடி. 200 லிட்டர் தண்ணீர் 25லிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய 3 லிட்டர் விரியும். உள்ளே வரும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தால் அது திரும்பிப் போக வழியில்லை. அந்த விரிவை வாங்கிக்கொள்ளத்தான் எக்ஸ்பான்ஷன் டேங்க் என்ற சிறு தொட்டி. அதைப் போடாமல் விட்டால், சூடேறும்போதெல்லாம், அழுத்தம் கூடினால் தண்ணீரை வெளியே விடும் சேஃப்டி வால்வு சொட்டும். "லீக்" என்று சர்வீசுக்குக் கூப்பிட்டால், வந்தவர் அந்த வாயில் ஒரு பிளக்கை முறுக்கிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போவார். சொட்டு நிற்கும். பிறகு, சூடேறியதும் கரண்டை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட் நிறுத்தாமல் ஒட்டிக்கொண்டால் டேங்க் வெடிக்கலாம். அந்த வாயை யாரையும் அடைக்க விடாதீர்கள்.

தனித்தனி ஹீட்டர் விற்பவர்கள் மட்டும் யோக்கியமா? 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டரை "ஷவருக்கும் போதும்" என்று தலையில் கட்டுவார்கள். அது நிமிடத்துக்கு 1.7 லிட்டரைத்தான் 25 டிகிரி உயர்த்தும். 8 லிட்டர் விழும் ஷவருக்கு 14 கிலோவாட் வேண்டும். ஆகவே அது பாத்திரம் கழுவும் தொட்டிக்குச் சரி, குளிக்க ஆகாது. குளிக்க 25 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர் என்றால், 60 டிகிரி நீரைக் கலந்து 40 டிகிரியில் 58 லிட்டர் கிடைக்கும். அது ஏட்டுக் கணக்கு. உள்ளே வரும் பச்சைத் தண்ணீர் கலப்பதால் கைக்கு வருவது குறையும். 2 கிலோவாட் எலிமென்ட் மறுபடி சூடேற்ற அரை மணி நேரம் எடுக்கும்.

குளியலறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்து குழாய் ஓட்டம் ஆறேழு மீட்டருக்குள் அடங்கினால், ரிட்டர்ன் லைன் இல்லாமலே சென்ட்ரல் தாங்கும். மூலைக்கு ஒன்றாக இருந்து, ஆளுக்கொரு நேரத்தில் குளிக்கிற வீடு என்றால் தனித்தனிதான் சரி. எல்லாரும் ஒரே நேரத்தில் குளிக்கிற பெரிய குடும்பத்துக்கு ரிட்டர்ன் லைனோடு சென்ட்ரல்.

கரண்டை மிச்சம் பிடிக்க டேங்கையே 45 டிகிரியில் வை என்று சொன்னால் கேட்காதீர்கள். 20 முதல் 45 டிகிரி வரை லீஜியனெல்லா கிருமி வளரும் இடம். டேங்க் 60ல் இருக்கட்டும்; சுடாமலிருக்க ஷவர் பக்கம் மிக்ஸிங் வால்வு போடுங்கள். எனாமல் பூசிய டேங்கில், டேங்க் துருப்பிடிக்காமலிருக்கத் தான் கரைந்துபோகும் மக்னீசியம் ஆனோடு கம்பியை வருடம் ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்கம்பி தெரிந்தால் மாற்ற வேண்டும். இதை யாரும் சொல்வதில்லை, டேங்க் ஓட்டையான பிறகு வாரண்டி மறுக்கும்போது மட்டும் சொல்வார்கள்.

பூச்சுக்கு முன் குழாய் ஓட்டத்தைப் போட்டோ எடுத்துவையுங்கள். "கடைசிக் குழாயில் 15 நொடிக்குள் 40 டிகிரி" என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தையும் கொடுக்கும் முன், இரவு முழுக்க வெந்நீர்க் குழாயைத் திறக்காமல் வைத்து, பம்ப் டைமர் ஓடும் காலை நேரத்தில் ஒரு வாளியும் தெர்மாமீட்டரும் கைபேசிக் கடிகாரமுமாக அந்தக் கடைசிக் குளியலறைக்குப் போய் நில்லுங்கள். வேலை செய்தவரும் பக்கத்தில் இருக்கட்டும்.