கேஎல்ல (கோலாலம்பூர்ல) ஓவர்சைஸ் லெதர் ஜாக்கெட்: பாதி விலைக்குப் போடுறாங்களாம், எடுக்கலாமா?

சித்தி மக போட்டோ அனுப்பி, "அக்கா, நீ போடுறியே அதே கருப்பு ஜாக்கெட்டு, இப்ப பாதி விலை, எடுக்கவா"ன்னு கேட்டா. முழு விலை குடுத்து வாங்குனவகிட்ட கேக்குற கேள்வியா இது. சரி, ரொம்ப நாளா போடுறேன்ல, சொல்றேன்.

"இந்த சூட்டுல லெதரா"ன்னுதான் எல்லாரும் ஆரம்பிப்பாங்க. சூடு பிரச்சனையே இல்லலா. கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷன்ல இறங்குனா என்யூ சென்ட்ரல் மால் உள்ளாரயே மோனோரயில் வரைக்கும் ஏசியில நடந்துடலாம், ஆபிஸ்ல நம்ம தலைக்கு நேரா ஏசி, படம் பாக்கப் போனா பல்லு கிட்டும். வெளிய நடக்குற கொஞ்ச தூரத்துக்குக் கழட்டி கையில வச்சிக்கிட்டா முடிஞ்சது.

கழட்டுனதுக்கு அப்புறம்தான் தலைவலி. பூசணம்! கொஞ்ச நாள் அலமாரியில விட்டுட்டு எடுத்தா காலர் அடியில, அக்குள் மடிப்புல வெள்ளையா பூத்து நிக்கும். அளவா தச்ச ஜாக்கெட்டுல இவ்ளோ வராது, ஓவர்சைஸ்ல தோல் அதிகம்ல, தொங்க விட்டா ஒண்ணு மேல ஒண்ணு மடிஞ்சு காத்தே போவாது, அலமாரியில பாதி இடத்த வேற அதுவே புடிச்சிக்கும். தண்ணி உறிஞ்சுற டப்பா வைக்கலாம், ஆனா அதுல சேருற தண்ணி லெதர்ல பட்டுச்சுன்னா கறை போவாது, அதனால தூரமா வை. மழையில நனைஞ்சா வெயில்ல காயப்போடாத, ஹேர் ட்ரையரும் வேணாம், விறைச்சுப் போயிடும், அகலமான ஹேங்கர்ல மாட்டி ஃபேன் அடியில விடு. பச்சப்புள்ளயக்கூட இப்படிப் பாக்க மாட்டாங்க. பியு லெதர், அதான் செயற்கைத் தோல், எடுத்தா இந்த வேலை கொஞ்சம் கம்மி, ஆனா நம்ம ஊர் ஈரத்துக்கு அது சீக்கிரமே உரிஞ்சு கொட்ட ஆரம்பிச்சிடும்.

ஆனா போட்டா இருக்கு பாரு! ஆபிஸுக்குக் காலர் சட்டைய உள்ள டக் பண்ணி, நேரா விழுற கருப்பு ஸ்லேக்ஸ், அவ்ளோதான், மீட்டிங்குக்கு பிளேசரே தேவையில்ல. சனிக்கிழமை மாமாக் கடைக்கு (நம்ம தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) வெள்ளை டிஷர்ட், ஜீன்ஸ், சிலிப்பர், கையை மட்டும் மடிச்சு விடாத, கோடு விழுந்துடும். பாஜு கூரோங், அந்த மலாய்க்காரங்க நீள உடுப்பு, அது மேல போட்டேன், ரெண்டும் லூசா, கூடாரம் மாதிரி ஆயிடுச்சு. உள்ள ஒண்ணு ஒட்டுன மாதிரி இருந்தாதான் வெளிய பெரிசா இருக்குறது அழகு. கெந்திங் மலையில சொல்லவே வேணாம், அங்க 1,800 மீட்டர் உயரத்துல பனி இறங்கும்போது காத்து உள்ள நுழையாது.

நானே எதிர்பாக்காதது சேலைக்கு மேல. கைய நுழைக்காம தோள்ல மட்டும் போட்டுக்கிட்டு, காதுல பெரிய ஜிமிக்கி. ரிசெப்ஷன்ல ரெண்டு பெரியம்மா கூட நல்லாருக்குன்னாங்க. ஜரிகை பார்டர் வேணாம், ஆட்டுத்தோல் மெல்லிசு, உரசி கீறிடும், முந்தானை பின்னையும் பாத்துக் குத்து. ஆட்டுத்தோல்னு தெரிஞ்சப்புறமும் அம்மா சாமி ரூம் பக்கம் விடுறதில்ல, மாட்டுத்தோலா இருந்தா வீட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டாங்க.

தம்பி ஒரு நாள் கப்சாய்ல, அதான் சின்ன மோட்டார் பைக்குல, போக இத முன்பக்கம் பின்னாடி வர்ற மாதிரி திருப்பிப் போட்டுக்கிட்டுப் போயிட்டான், முதுகுல ஜிப்பு தொங்குது, அன்னையிலருந்து கழுத்து தொளதொளன்னு கிடக்கு. விழுந்தா இந்த மெல்லிசு தோல் எதையும் காப்பாத்தாதுன்னு சொன்னா கேக்கணும்ல.

அதனால கேளு, எடுக்காத. இன்னைக்குக் காலையில கூட ஜாக்கெட்டு அக்குள்ல இருந்த பூசணத்தத் துடைச்சிட்டுதான் வேலைக்கு வந்தேன், அந்தக் கடுப்புலயே சொல்றேன்.

எடுத்தே தீருவேன்னா உன் வழக்கமான சைஸ் எடு, பெரிசாதான் வெட்டியிருப்பாங்க, அதுக்கு மேல ரெண்டு சைஸ் ஏத்துனா வெரலே தெரியாது. தோள் தையல் எறங்கலாம், கை மணிக்கட்டுக்குக் கொஞ்சம் கீழ நின்னுடணும். உள் லைனிங் தோலா இருந்தா உத்துப் பாரு, மூணு மூணா புள்ளி கூட்டமா இருந்தா பன்றித்தோல், ஆபிஸ்ல உன் கூட உக்கார்ற ஐஷாகிட்ட இரவல் குடுக்க முடியாது. கடைக்காரன்கிட்ட லைனிங் போட்டோ கேட்டு எனக்கு அனுப்பு, பாத்துட்டு சொல்றேன். பிரவுன் இருக்கான்னும் கேளு.