கடியத்துச் செடிகளை விற்கும் ஒரு நர்சரி

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டிய ஒரு நர்சரியில் நான் நெடுநாளாகச் செடி வாங்கி வருகிறேன். அங்குள்ள அழகுச் செடிகளில் பெரும்பாலானவை ஆந்திராவில் ராஜமுந்திரிக்கு அருகிலுள்ள கடியத்திலிருந்து லாரியில் வருபவை. பல மாநிலங்களுக்கும் செடி அனுப்பும் ஊர் அது என்பதால் இதை நான் குறையாகக் கருதவில்லை. வந்திறங்கிய செடியை எத்தனை நாள் தேற்றி விற்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தார்ப்பாயின் அடியில் நெருக்கியடித்து வந்த குரோட்டனும் இட்லிப்பூவும் இலை உதிர்த்து, மண்கட்டி விரிசல் விட்ட நிலையில் இறங்குகின்றன. இந்த நர்சரியில் அவற்றை நிழல்வலையின் கீழ் வைத்து, புதுத் தளிர் கண்ட பிறகே விற்பனை வரிசைக்குக் கொண்டுவருகிறார்கள். அதுவரை போட்ட முதல் முடங்கிக் கிடக்கிறது, தண்ணீருக்கும் ஆளுக்கும் செலவாகிறது, சில செடிகள் பட்டும் போகின்றன; ஆகவே தெருவில் வரும் வண்டிக்காரரைவிட இங்கே விலை கூடுதலாக இருப்பது நியாயமே. உயிர்ச்செடிக்கு ஜி.எஸ்.டி. இல்லை, பிளாஸ்டிக் தொட்டிக்கு உண்டு என்பதையும் பில்லில் ஒழுங்காகப் பிரித்துக் காட்டுகிறார்கள்.

பழமரங்களின் கதை வேறு. ‘இமாம் பசந்த்’ என்று சீட்டுக் கட்டிய மா ஒட்டின் தாய்மரம், அதாவது ஒட்டுக்குக் கிளை எடுத்த மரம், எங்கே இருக்கிறது என்று கேட்டால், “மொத்த வியாபாரி சொன்னதுதாங்க” என்பதே பதில். ஒட்டுமரம் காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகுமாகையால், ரகம் மாறியிருப்பது தெரியவரும்போது கேள்வி கேட்க அந்த வியாபாரியும் இருக்கமாட்டார், பில்லும் இருக்காது. இடைத்தரகர் கைமாற்றி வரும் வணிகத்தின் பெரிய ஓட்டை இதுவே. பழமரத்திற்கு, தாய்மரத்தைக் கண்ணால் பார்த்து வாங்கக்கூடிய பண்ணையையே நாடுவேன்.

கோடையில் விற்பனை படுத்துவிடுவதால், மீந்த செடிகள் மாதக்கணக்கில் அதே பையில் நின்று வேர் சுருண்டுவிடுகின்றன. தள்ளுபடியில் தருவதும் பெரும்பாலும் இவற்றைத்தான். பையின் அடியில் வேர் தடித்து வெளியே வந்திருந்தால் வாங்க வேண்டாம். களிமண் கட்டியோடு வரும் செடியைத் தொட்டியில் வைக்கும்போது, மேல்மண்ணை மெல்ல உதிர்த்துவிட்டு நடவேண்டும் என்பதைக் கடைக்காரர்கள் தாமாகச் சொல்வதில்லை. கேட்டால் பொறுமையாகச் செய்தே காட்டுகிறார்கள்.