சப்புக்கொட்டும் டயர் பொம்மையை எவ்வளவு நம்பலாம்?

சிங்கப்பூரில் மிஷலின் (டயர் கம்பெனி போடும் உணவக வழிகாட்டி) கடைக்குப் போகலாம் என்று சொன்னாலே கூட வருபவர் பர்ஸைத் தொட்டுப் பார்ப்பார். மிஷலின் நட்சத்திரம் வாங்கிய உணவகங்களுக்கு அந்தப் பயம் சரி. ஆனால் அதே மிஷலின் 'பிப் குர்மான்' என்று இன்னொரு பட்டியலும் போடுகிறது. தலைக்கு 45 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) நல்ல சாப்பாடு கிடைக்கும் இடங்கள் அதில் வரும். 1997-ல் தொடங்கிய அடையாளம் இது. 2016-ல் வழிகாட்டியின் முதல் சிங்கப்பூர்ப் பதிப்பு வந்தபோது உணவங்காடிகளுக்குள்ளும் (சின்னச் சின்னக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஹாக்கர் சென்டர்) நுழைந்துவிட்டது. டயர் கம்பெனியின் பொம்மை உதட்டை நக்கிக்கொண்டிருக்கும் சிவப்பு ஸ்டிக்கரைக் கடை முகப்பில் பார்த்திருப்பீர்கள். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு சில வருடங்களாகச் சாப்பிட்டு வருகிறேன். சமையல் விஷயத்தில் அதை நம்பலாம். மற்றதை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேக்ஸ்வெல் உணவங்காடியில் இருக்கும் தியான் தியான் கோழிச் சோற்றுக் கடையையே எடுத்துக்கொள்வோம். 2016 பட்டியலிலேயே இடம்பிடித்த கடை. தட்டு வந்ததும் எல்லோரும் கோழி மேல் பாய்வார்கள். நான் சொல்வது, சாஸ் எதுவும் ஊற்றாமல் முதலில் ஒரு வாய் வெறும் சோறு சாப்பிடுங்கள். கோழிக் கொழுப்பில் இஞ்சி, பூண்டு வதக்கி, கோழி வேகவைத்த தண்ணீரிலேயே ரம்பை இலை போட்டுச் சமைத்த சோறு அது. பருக்கை பருக்கையாக நிற்கும், ஆனால் விரலில் எண்ணெய்ப் பசை ஒட்டும். அந்த வாசனைக்கே காசு கொடுக்கலாம். கோழியைத் தளதளவென்று கொதிக்கவிடாமல் பதமான சூட்டில் வேகவைத்துக் குளிர்ந்த நீரில் முக்கி எடுப்பதால் தோல் வழவழவென்று இருக்கிறது, தோலுக்கும் சதைக்கும் நடுவே லேசாக ஜெல்லி போல ஒரு படலம். நம்மூர் நாக்குக்கு முதலில் இது 'வேகாத கோழி' போலத் தெரியும். புளிப்பும் இஞ்சிக் காரமும் உள்ள மிளகாய்ச் சாஸைத் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள், அந்த எண்ணம் போய்விடும். செலவு என்று பார்த்தால் ஒரு சாதாரண மதியச் சாப்பாட்டுக் காசுதான்.

செலவாவது நேரம். பன்னிரண்டு மணிக்குப் போனால் வரிசையில் முக்கால்வாசிப் பேர் கைப்பேசியில் அதே பட்டியலைத் திறந்து வைத்திருப்பார்கள். கடை திறக்கும் நேரத்திலோ மதிய வேளை முடிந்த பிறகோ போவது நல்லது. திங்கட்கிழமை மூடும் கடைகளும் நிறைய, பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அப்புறம், டிஷ்யூ பாக்கெட் வைத்திருக்கும் மேசை ஏற்கெனவே ஒருவர் பிடித்துவிட்ட மேசை. சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து உணவங்காடிகளில் இது சட்டம்.

ஸ்டிக்கரில் இருக்கும் ஆண்டைக் கட்டாயம் பாருங்கள். பட்டியல் வருடா வருடம் மாறுகிறது, பழைய ஸ்டிக்கரை யாரும் சுரண்டி எடுப்பதில்லை. நட்சத்திரத்துக்கும் இதே கதைதான். 2016-ல் சைனாடவுன் காம்ப்ளெக்ஸில் ஒரு சோயா சாஸ் கோழிக் கடைக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. உலகமே வியந்தது. கடை கிளைகளாகப் பெருகியது. 2021-ல் நட்சத்திரம் போய்விட்டது. ஸ்டிக்கர் வரிசையாக ஒட்டிய ஒரு நூடுல்ஸ் கடையில் (பெயர் வேண்டாம்) எனக்குக் கிடைத்தது முன்கூட்டியே வேகவைத்துக் கட்டிதட்டிப் போன நூடுல்ஸ். கூட்டத்தைச் சமாளிக்க அப்படிச் செய்கிறார்கள் என்று புரிகிறது, ஆனால் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது அந்த நூடுல்ஸ் இல்லையே.

நம்மவர்கள் கேட்பது, லிட்டில் இந்தியாவில் என்ன இருக்கிறது? டன்லப் ஸ்திரீட்டில் பிஸ்மில்லா பிரியாணி, ரேஸ் கோர்ஸ் ரோட்டில் முத்தூஸ் கறி இரண்டுமே பிப் பட்டியலில் இடம்பெற்றவை. பிரியாணி பாஸ்மதியில் தம் போட்டது, நம் சீரகச் சம்பா ருசியை அங்கே தேடாதீர்கள். முத்தூஸில் மீன்தலைக் கறி. 1969-ல் தொடங்கிய கடை. அதற்கும் முன்பே கேரளாவைச் சேர்ந்த கோமஸ் என்பவர்தான் சிங்கப்பூரில் இந்தக் கறியை முதலில் விற்றார் என்று சொல்வார்கள். புளிக் குழம்பில் வெண்டைக்காயும் அன்னாசியும் மிதக்க, தலை முழுதாக வரும். கன்னத்துச் சதையை யாருக்கும் சொல்லாமல் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணைச் சுற்றியிருக்கும் வழவழப்பைச் சீன நண்பர்கள் கேட்டு வாங்குவார்கள். தனியாகப் போகாதீர்கள், மூன்று நான்கு பேர் பகிர்ந்தால்தான் கட்டுப்படியாகும்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. உணவங்காடியில் பலகையில் போட்ட விலையே விலை. ஏசி உணவகங்கள் பலவற்றில் அதன் மேல் 10 சதவீதச் சேவைக் கட்டணம், அதற்கும் மேல் 9 சதவீத ஜிஎஸ்டி. மெனுவில் 40 வெள்ளிக்குச் சாப்பிட்டால் பில் கிட்டத்தட்ட 48 வெள்ளி. 45 வெள்ளி வரம்பெல்லாம் அங்கேயே காணாமல் போய்விடும்.

இட்லி, தோசை, வாழை இலைச் சாப்பாடு என்று வந்தால் பட்டியல் கொஞ்சம் ஏமாற்றம்தான். லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் நான் வழக்கமாகச் சாப்பிடும் கடைகளில் டயர் பொம்மை இல்லை, கூட்டம் மட்டும் குறைவதே இல்லை. சைவத்துக்கென்றால் தஞ்சோங் பகார் பக்கம் பெக் சியா ஸ்திரீட்டில் ஹோல் எர்த் என்ற பெரனாக்கன் (சீன–மலாய்க் கலப்புச் சமையல்)–தாய் சைவ உணவகம், இதுவும் 2016 பட்டியலிலேயே வந்தது. வழக்கமாக இறைச்சியில் செய்யும் மசாலாக் கறியான ரெண்டாங்கை அங்கே காளானில் செய்கிறார்கள். அந்தப் பினாங்கு ரெண்டாங்கை ஊரிலிருந்து வந்த என் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தேன். கறியோ என்று சந்தேகப்பட்டு, பரிமாறுபவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் கை வைத்தார். அப்புறம் எனக்கு மிச்சம் வைக்கவில்லை. வார இறுதி இரவென்றால் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.