கேம் ஆட்டோமேட்டா, ஸ்லைடிங் ஹெட்டா, மல்டி ஸ்பிண்டிலா?

பார் எனப்படும் நீளக் கம்பியிலிருந்து சிறு பீஸ்களைத் தானாகவே கடைந்து வெட்டும் லேத்களில் இந்த மூன்றில் எதைத் தேர்வது? 10 மி.மீ. விட்டமுள்ள பித்தளைப் பார், 20 மி.மீ. நீளப் பீஸ், ஒரு முனையில் எம்6 மரை, மாதம் 2 லட்சம். இப்படி ஒரு ஆர்டர் வந்தால் பெரும்பாலோர் முதலில் கேட்பது சைக்கிள் டைம், அதாவது ஒரு பீஸ் முடிய ஆகும் நேரம். ஆனால் விலையைத் தீர்மானிப்பது, வெட்டி விழுந்த பீஸை இன்னும் எத்தனை முறை கையில் எடுக்க வேண்டும் என்பதுதான்.

டூல்களைக் கேம் என்ற வளைவுத் தட்டுகள் நகர்த்தும் ட்ராப் ஏ25 போன்ற கேம் மெஷினில், அந்தத் தட்டுகள் மாட்டிய கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றினால் ஒரு பீஸ். 6 விநாடி என்று வைத்தால் மணிக்கு 600. பார் மாற்ற, டூல் தீட்ட நேரம் கழித்தால் 500 தேறும். 400 மணி நேரம், அதாவது இரண்டு ஷிஃப்டில் 25 நாள், ஒரே மெஷின். மெஷின் விலையும் குறைவு. கட்-ஆஃப் பக்கம், அதாவது பாரிலிருந்து பீஸை வெட்டிப் பிரித்த முகத்தில், ஒரு குமிழ் நின்றாலும் பரவாயில்லை என்று டிராயிங் அனுமதித்தால் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம்.

அதே முகத்தில் சேம்ஃபர் (சரிவாக வெட்டிய விளிம்பு) வேண்டும், குறுக்கே ஒரு துளை வேண்டும் என்றால் கணக்கு புரண்டுவிடும். 2 லட்சம் பீஸையும் ஒருவர் ஒவ்வொன்றாக எடுத்து டிரில்லிங் மெஷினில் மாட்ட வேண்டும். துளை ஓரத்தில் நிற்கும் பிசிறை (பர்) எடுக்க இன்னொருவர். இங்கேதான் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் (சிஎன்சி) பாரே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடிங் ஹெட் ஜெயிக்கிறது. 16 விநாடி ஆகட்டும், எதிர்ப்பக்கம் பீஸைப் பிடிக்கும் சப்-ஸ்பிண்டில் பின்பக்கத்தையும் முடித்து முழுப் பீஸாகவே தள்ளும். மணிக்கு 200 என்றால் 1,000 மணி நேரம், எனவே இரண்டு ஷிஃப்டில் மூன்று மெஷின்கள் தேவை. நீளம் விட்டத்தைப் போல மூன்று நான்கு மடங்கைத் தாண்டும் ஒல்லியான ஷாஃப்ட்டுகளுக்கும் இதுவே சரி. டூலுக்குப் பக்கத்திலேயே கைடு புஷ் என்ற வளையம் பாரைத் தாங்குவதால் வளையாது.

கைடு புஷ்ஷுக்கு விலையும் உண்டு. பார் அளவு சீராக இல்லையென்றால் தடித்த இடத்தில் இறுகிச் சிராய்க்கும், மெலிந்த இடத்தில் அதிர்ந்து கோடு விழும். அதனால் கிரைண்டிங் செய்த பார் வாங்க வேண்டும். பாரின் கடைசியில் மிஞ்சும் துண்டும் நீளம். வெட்டும் அகலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், 3 மீட்டர் பாரில் 200 மி.மீ. வீணானால் 125 பீஸ், 80 மி.மீ. மட்டும் வீணானால் 130. பித்தளை விலைக்கு, பாருக்கு 5 பீஸ் சும்மா விடக்கூடியதல்ல. குட்டையான பீஸ்களுக்கு, மெஷினில் வசதி இருந்தால், கைடு புஷ்ஷைக் கழற்றிவிட்டு ஓட்டுவது நல்லது.

கேம் மெஷினில் நீளம் ஏறி இறங்கினால் கேமைக் குறை சொல்வதற்கு முன் பாரைப் பிடிக்கும் கோலட்டைப் பாருங்கள். பிடி தளர்ந்தால் டிரில் அழுத்தும்போது பார் பின்னால் நழுவும். விட்டம் மெதுவாக நகர்ந்தால் டூல் தேய்மானம், கேமின் மேல் உருளும் ஃபாலோயர் ரோலர், காலையில் மெஷின் சூடேறாதது என்ற வரிசையில் தேடலாம்.

மல்டி ஸ்பிண்டில் வகையில், ஆறு பாரை ஒரே நேரத்தில் சுழற்றும் ஆறு ஸ்பிண்டில் மெஷினில் வேலை ஆறு நிலையங்களாகப் பிரிந்துவிடும். மிக நீண்ட நிலையத்தின் நேரமும் அடுத்த நிலையத்துக்கு மாறும் இன்டெக்ஸ் நேரமும் சேர்ந்ததே சைக்கிள். 3 விநாடி கிடைத்தால் இந்த ஆர்டர் பாதி மாதத்துக்குள் தீரும், பிறகு மெஷின் சும்மா நிற்கும். செட்டிங் மாற்ற ஒரு நாள் போய்விடும் என்பதால் வேறு பீஸ் ஏற்றவும் மனம் வராது. ஒரே பீஸ் மாதக்கணக்கில் ஓடினால் மட்டும் வாங்கலாம். வாங்கினால் சோதனைக்கு ஒரு பீஸ் எடுக்காதீர்கள். தொடர்ச்சியாக ஆறு எடுங்கள். ஒரு ஸ்பிண்டில் மட்டும் கெட்டிருந்தால் ஆறில் ஒன்றுதான் தவறும், அது உங்கள் கையில் சிக்காமல் வாடிக்கையாளர் கைக்குப் போய்விடும்.