சென்னை மேடவாக்கத்தில் ஆறடிக் குவாரி: பொம்மை ஜேசிபியோடு நான்கு வருடம்

ஐந்து மாதம் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது, கோளாறு வண்டியில் இல்லை, மண்ணில் என்று.

2021 ஆகஸ்டில் மகளுக்கு நாலு வயது. எதிர் மனையில் அஸ்திவாரம் தோண்ட ஜேசிபி வந்து நின்ற நாளிலிருந்து, அவளுக்கு ஒரு வாய் ஊட்டுவதென்றாலும் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் அந்த வண்டியைக் காட்டித்தான் ஊட்ட வேண்டியிருந்தது. ஒரு பொம்மை வாங்கிக் கொடுத்தால் மூன்று நாளில் அலுத்துவிடும் என்று கணக்குப் போட்டேன். இன்று கார் ஷெட்டில் ஆறடிக்கு நாலடியில் ஒரு மண் தொட்டி இருக்கிறது. கார் வெயிலில் நிற்கிறது.

பெயர்க் குழப்பம் வேண்டாம் என்பதற்காக ஒன்று. பத்திரிகைகள் இன்னும் ‘பொக்லைன் இயந்திரம்’ என்று எழுதுகின்றன. அது ஒரு பிரெஞ்சு கம்பெனியின் பெயர். சைட்டில் அப்படி யாரும் சொல்வதில்லை. ரப்பர் டயர், முன்னால் அள்ளும் பக்கெட், பின்னால் தோண்டும் கை என்றால் அது ஜேசிபி. செயினில் ஊர்ந்து, மேல் பாகம் முழு வட்டம் சுற்றினால், யார் செய்த வண்டியாக இருந்தாலும் ஹிட்டாச்சி. நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது ப்ரூடர். ஜெர்மன் கம்பெனி, பெரும்பாலும் 1:16 அளவு, அதாவது நிஜ வண்டியில் பதினாறில் ஒரு பங்கு. மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது. கையால்தான் பூமை, அதாவது வண்டியின் நீண்ட கையை, தூக்க வேண்டும், கையால்தான் பக்கெட்டை மடக்க வேண்டும். இவ்வளவு விலைக்கு ஒரு மோட்டார்கூட இல்லையா என்று என் மச்சான் சிரித்தான். அந்த வண்டியைப் பற்றி இந்தக் கட்டுரையில் குறைவாகத்தான் எழுதப்போகிறேன், ஏனென்றால் எழுத ஒன்றும் இல்லை. நான்கு வருடமாக ஓடுகிறது. மண்ணில் கிடந்தால் குழாயடியில் கழுவி வைப்போம், அவ்வளவுதான் சர்வீஸ்.

கதை இருப்பது மற்ற இரண்டில். இரண்டும் சீனத் தயாரிப்பு ரிமோட் ஹிட்டாச்சிகள், 1:14 அளவு. முதலாவது பிளாஸ்டிக். அடுத்தது முழுக்க உலோகம். அதன் விலையை வீட்டில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. கம்பெனிப் பெயர்கள் வேண்டாம். கெட்டதில் பாதிக்கு நானே காரணம்.

அது ஏன் 1:14 என்று விநோதமான அளவு? ஜப்பானின் டமியா ரிமோட் லாரிகளை அந்த அளவில்தான் செய்கிறது. லாரிக்குப் பொருத்தமாக மண் அள்ளும் வண்டியும் அதே அளவில் வந்துவிட்டது. விலை ஏன் கையைக் கடிக்கிறது என்பதற்கு வேறு காரணம்: வெளிநாட்டுப் பொம்மைகளுக்கான சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் பொம்மைக்கும் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பாரிமுனை ஈவ்னிங் பஜாரில் நான் ஏறி இறங்கிய கடைகளில் இந்த ரகமே கண்ணில் படவில்லை. ஆன்லைன்தான் வழி.

சரி, மண்ணுக்கு வருவோம்.

எங்கள் தெருவில் எல்லா மனையும் சவுடு கொட்டி மேடாக்கியவை. முதல் தொட்டியில் அந்த மண்ணையே போட்டேன். காய்ந்தால் செங்கல், நனைந்தால் களி. பிளாஸ்டிக் ஹிட்டாச்சி பக்கெட்டை ஊன்றும், மண் அசையாது, வண்டியின் முன்பக்கம் அந்தரத்தில் தூக்கிக்கொள்ளும். மகள் “அப்பா, குதிரை” என்பாள். மோட்டாருக்குப் பவர் இல்லை என்று நான் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டபோது விஷயம் விளங்கியது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 14 மடங்கு குறைந்தால் எடை 14 மடங்கு குறைவதில்லை, 2,744 மடங்கு குறைகிறது. 20 டன் ஹிட்டாச்சி இந்த அளவில் 7.3 கிலோதான் இருக்க வேண்டும். பின்னால் வாங்கிய உலோக வண்டியே எங்கள் தராசில் நாலரைக் கிலோ காட்டியது. பிளாஸ்டிக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வண்டி இளைத்துவிட்டது, மண் மட்டும் அதே மண். பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் மணலில் இருக்கும் 4.75 மில்லிமீட்டர் குருணைகூட அந்தக் குட்டி ஆபரேட்டர் கண்ணுக்கு 66 மில்லிமீட்டர் கல். ஒன்றரை இஞ்ச் ஜல்லியை விடப் பெரியது. அவன் மண் தோண்டவில்லை, பாறை உடைத்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு நடந்தது முழுக்க மண் ஆராய்ச்சி. கடற்கரை மணல் வேண்டாம். உப்பு, உலோக வண்டிக்கு எமன். ஆற்று மணல் கிடைப்பதும் கஷ்டம், விலையும் அப்படி. உருண்டையான குருணை என்பதால் சரிவில் நிற்காமல் சரிந்துகொண்டே இருக்கும். எம்-சாண்ட் உடைத்த பாறை என்பதால் ஓரங்கள் கூர், சரிவில் நன்றாக நிற்கும். ஆனால் அப்படியே கொட்டினால் தூசி பறக்கும். குழந்தை மூச்சில் போகக் கூடாது. மூன்று தண்ணீர் விட்டு அலசித்தான் போட வேண்டும். (உடைத்த பாறை என்றதும் நினைவுக்கு வருகிறது: நம் பல்லாவரம், பரங்கிமலைப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் அந்த வகை என்பதால் அவர் பெயரே பாறைக்கு வந்துவிட்டது. மகள் இதை வகுப்பில் சொல்லிவிட்டு வந்தாள். யாரும் நம்பவில்லையாம்.)

கடைசியில் நிலைத்த கலவை: அலசிய எம்-சாண்ட் இரண்டு பங்கு, சலித்த செம்மண் ஒரு பங்கு. இரண்டையும் 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்க வேண்டும். எவ்வளவு தண்ணீர் என்பதில் மட்டும் மாதக்கணக்கில் தடுமாறினேன். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது தொட்டியில் கைவிட்டுப் பார்த்துவிட்டு, “புட்டு மாவுப் பதம்டா. பிடிச்சா பிடிபடணும், உதுத்தா உதிரணும்” என்றார். அன்றோடு பிரச்சினை தீர்ந்தது. பக்கெட் மண்ணில் வெட்டிய தடம் அப்படியே நிற்கும், பல்லின் கோடுகள்கூடத் தெரியும். அந்தக் கோடுகளைப் பார்ப்பதற்காகத்தான் நான் வேலை விட்டு வந்ததும் முகம் கழுவாமல் ஷெட்டுக்குப் போகிறேன் என்று வீட்டில் புகார்.

எடைக் குறைவுக்கு மருந்து வீல் பேலன்சிங் கடையில் கிடைத்தது. கார் சக்கரத்தில் ஒட்டும் சின்ன எடைத் துண்டுகள், பின்னால் பசையோடு வரும். உலோக வண்டியின் அடிச்சட்டத்தில் முக்கால் கிலோ ஒட்டினேன். குதிரை அடங்கியது.

இனி நான் செய்த முட்டாள்தனம். உலோக வண்டியில் நிஜ ஹைட்ராலிக் இல்லை. சிலிண்டர் மாதிரித் தெரிவதற்குள் மரையுள்ள கம்பி ஒன்று மோட்டாரில் சுற்றுகிறது, அதனால் பூம் ஏறி இறங்குகிறது. எண்ணெய் பம்பு வைத்த நிஜ ஹைட்ராலிக் மாடல்களும் உலகத்தில் உண்டு, அவை லட்சங்களில். என் வண்டியின் கம்பி கிறீச்சிட்டது. தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டேன். சத்தம் நின்றது, மனசு நிறைந்தது. இரண்டு வாரத்தில் பூம் பாதியில் நின்றுவிட்டது. கழற்றினால் எண்ணெயில் மணல் ஒட்டி, கருப்பாக, அம்மியில் அரைத்த மாதிரி ஒரு விழுது. மரை மழுங்கியிருந்தது. எண்ணெயும் மணலும் சேர்ந்தால் சாணைதான். இப்போது பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுவதோடு சரி.

பூனைகளை யாரும் எச்சரிக்கவில்லை. மேடவாக்கத்தில் இத்தனை பூனை இருப்பது தொட்டி வைத்த வாரம்தான் தெரிந்தது. அவற்றுக்கு அது கழிப்பறை. குழந்தை கைவைக்கும் மண்ணில் அதைவிட மோசம் வேறில்லை. தார்ப்பாய் போட்டு மூடினேன், நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடித்தது. கடைசியில் மரச்சட்டத்தில் கொசுவலை அடித்த மூடி. காற்று போகும், பூனை போகாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஷெட்டில் முழங்கால் தண்ணீர். உலோக ஹிட்டாச்சி பரணில் இருந்ததால் தப்பித்தது. பிளாஸ்டிக் ரிமோட் வண்டி தொட்டியிலேயே கிடந்து செத்தது. ப்ரூடர் மிதந்து போய் கேட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது, கழுவினோம், ஓடியது. சாக்கடை கலந்த தண்ணீர் என்பதால் மண்ணை மொத்தமாக அள்ளிக் கொட்டிவிட்டு முதலிலிருந்து சலித்தேன். சலித்தபோது வராத அழுகை அந்தக் கலவையைக் கொட்டும்போது வந்தது.

2024-இல் பக்கத்து மனைக்கு நிஜ ஹிட்டாச்சி வந்தது. ஓட்டிய அண்ணன் டீ டம்ளரோடு எங்கள் ஷெட் வாசலில் நின்று பத்து நிமிடம் பேசாமல் பார்த்தார். அப்புறம் என்னைத் தாண்டி மகளிடம் சொன்னார்: “பாப்பா, பக்கெட்டோட வயிறு மண்ணுல படுது. பல்லு மொதல்ல எறங்கணும். வண்டிய மேட்டுல நிறுத்து, லாரிய பள்ளத்துல விடு.”

“ஏன் அங்கிள்?”

“அவ்ளோ உசரம் தூக்க வேணாம்ல. சுத்துறதும் கொஞ்சமாத்தான் சுத்தணும். லாரி பக்கத்துலயே நிக்கணும்.”

எங்களிடம் மூன்று யூனிட் லாரியின் மாடல் ஒன்று உண்டு, பிளைவுட்டில் நானே செய்தது. ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. 300 கன அடியை 2,744-ஆல் வகுத்தால் மூன்று லிட்டரும் கொஞ்சமும் வருகிறது. அதை நிரப்ப மகளுக்கு 17 பக்கெட் தேவைப்பட்டது. அண்ணன் சொன்னபடி சின்ன மேடு கட்டி வண்டியை ஏற்றிய பிறகு 11. நேரம் பாதியாகிவிட்டது. அவர் ரிமோட்டை வாங்கிப் பார்த்து, இரண்டு குச்சியும் தன் வண்டியின் லீவர் மாதிரியே இருப்பதைக் கண்டு சிரித்தார்: இடதில் சுற்றுவதும் ஆர்மும் (பூமுக்கும் பக்கெட்டுக்கும் நடுவில் இருக்கும் கை), வலதில் பூமும் பக்கெட்டும். பூமைத் தூக்கிக்கொண்டே பக்கெட்டை மடக்கி, அதே ஓட்டத்தில் திருப்பி, ஒரு குருணை சிந்தாமல் லாரியில் கொட்டினார். மூன்று வருடத்தில் எனக்கு அது ஒரு தடவைகூட வரவில்லை. மகளுக்கு இப்போது வருகிறது.

பேட்டரி பற்றிக் கேட்பவர்களுக்கு: லித்தியம் பேட்டரியை முழு சார்ஜில் போட்டுவைக்காதீர்கள், பாதியில் வையுங்கள். மே மாதம் ஷெட்டில் விடவே விடாதீர்கள். எனது முதல் பேட்டரி ஒரே கோடையில் அப்பளம் மாதிரி உப்பியது.

வாங்கலாமா என்றால், ஏழெட்டு வயதுக்குக் கீழே ரிமோட் வண்டியே வேண்டாம், கையால் ஓட்டுவது போதும். வாங்குவதற்கு முன் தொட்டியும் மண்ணும் தயாராக இருக்கட்டும். அலமாரியில் வைக்கும் 1:50 டைகாஸ்ட் (உலோகத்தை வார்த்துச் செய்த) மாடலை மட்டும் மண்ணில் இறக்காதீர்கள். நான் ஒரு தடவை இறக்கினேன், மஞ்சள் பெயின்ட் ஒரே மாலையில் போயிற்று.

இப்போதைக்கு உலோக ஹிட்டாச்சி ரிச்சி தெருவில் ஒரு கடையில் இருக்கிறது. சுற்றும் மோட்டாரின் கியரில் இரண்டு பல் போய்விட்டது. திங்கட்கிழமை வாங்க என்றார் கடைக்காரர். இது மூன்றாவது திங்கட்கிழமை. மகள் ப்ரூடரை வைத்து, கறிவேப்பிலைச் செடியிலிருந்து மழைநீர்க் குழிக்குக் கால்வாய் வெட்டிக்கொண்டிருக்கிறாள்.